முதன்முறை மின் அளவாய்வு நடத்துவோருக்கு: கேள்வியிலிருந்து துளை வரை

தாதுத் தேடலுக்காகவோ, கட்டுமானத்துக்கு அடிப்பாறையின் ஆழத்தை அறிவதற்காகவோ, நிலத்தடி நீருக்காகவோ மின் அளவாய்வு ஒன்றை நடத்தும் பொறுப்பு முதன்முறையாக உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். பாடநூல்கள் சமன்பாடுகளை விளக்கிவிடுகின்றன. கருவி விற்பவர்கள் கருவியை விளக்கிவிடுகிறார்கள். எதை எழுத்தில் வாங்க வேண்டும், எந்தப் பருவத்தில் களம் இறங்க வேண்டும், பணம் எங்கே கரையும், எந்த எண்ணை நம்பக் கூடாது என்பவற்றை மட்டும் ஒரே இடத்தில் சொல்பவர் இல்லை. நான் அவற்றை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திரட்டி அல்லல்பட்டதால், அடுத்து வருபவருக்காவது அந்தச் சிரமம் குறையட்டும் என்று வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்பது ஆய்வுக்குரிய கேள்வி அன்று. "இந்த 400 மீட்டர் கோட்டில் உறுதியான பாறை 10 மீட்டருக்குள் வருகிறதா, 20 மீட்டருக்குக் கீழே போகிறதா" என்பது கேள்வி. "பழைய துளையில் கண்ட சல்பைடு (உலோகமும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) மண்டலம் வடகிழக்காகத் தொடர்கிறதா" என்பதும் கேள்வி. ஆழம், அளவு, சுற்றியுள்ள பாறையோடு உள்ள வேறுபாடு ஆகிய மூன்றையும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து ஊகிக்க முடிய வேண்டும். ஊகிக்க முடியவில்லை என்றால் எந்த நிறுவனத்திடமும் விலைப்புள்ளி கேட்காதீர்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேலைக்கு விலை சொல்வார்கள், அவற்றை ஒப்பிடவே இயலாது.

மூன்றில் மிக முக்கியமானது வேறுபாடு. கருவி தாதுவையும் அளப்பதில்லை, தண்ணீரையும் அளப்பதில்லை; நிலம் மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் மின்தடை எண்ணை ஓம் மீட்டரில் அளக்கிறது, அவ்வளவுதான். கடல்நீர் ஏறத்தாழ 0.2 முதல் 0.3 ஓம் மீட்டர் வரை இருக்கும். களிமண் பொதுவாக 1 முதல் 100 வரை, நன்னீர் நிறைந்த மணல் சில பத்துகளிலிருந்து சில நூறு வரை, உலர்ந்த மணலும் சரளையும் ஆயிரத்தைத் தாண்டியும், சிதையாத கிரானைட் பல ஆயிரங்களிலும் இருக்கும். செறிந்த சல்பைடுத் தாது 1 ஓம் மீட்டருக்கும் கீழே இறங்கக்கூடும். கிராஃபைட் கலந்த பாறையும் அதே அளவுக்கு இறங்கும். இந்த எல்லைகள் ஒன்றோடொன்று மேற்படிவதைக் கவனியுங்கள். 30 ஓம் மீட்டர் என்ற எண்ணைத் தனியே வைத்துக்கொண்டு அது ஈரக் களிமண்ணா, சற்று உப்பேறிய நீர் நிறைந்த மணலா, சிதைந்த பாறையா என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அளவைப் பொறுத்தவரை ஒரு தோராய விதி உதவும். தன் விட்டத்தைவிட ஆழமாகப் புதைந்திருக்கும் உருண்டையான பொருளைத் தரைப்பரப்பிலிருந்து மின்தடை முறையால் இனங்காண்பது மிகக் கடினம். 40 மீட்டர் ஆழத்தில் 5 மீட்டர் அகலமுள்ள குகை வேண்டும் என்று கேட்கப்பட்டால், அந்த வேலையை ஏற்காமலிருப்பதே நேர்மை.

2. கேள்விக்கு எந்த முறை பொருந்தும் என்று முடிவு செய்யுங்கள்

மின்தடை அளவாய்வில் நிலத்தில் அடித்த இரண்டு மின்முனைகள் (பெரும்பாலும் உலோகக் கோல்கள்) வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, வேறு இரண்டு மின்முனைகளுக்கு இடையே மின்னழுத்த வேறுபாட்டை அளக்கிறோம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து, மின்முனைகளின் இடைவெளியைப் பொறுத்த வடிவக் காரணியால் பெருக்கினால் தோற்ற மின்தடை எண், அதாவது நிலம் முழுவதும் ஒரே சீரானது என்று கொண்டால் வரும் எண், கிடைக்கும். அடிப்பாறை, களிமண் அடுக்கு, மணல், சரளை, சுண்ணாம்புக்கல், உப்புநீர் எல்லை ஆகியவற்றுக்கு இதுவே முதல் தேர்வு.

சல்பைடு கனிமங்கள் பாறைக்குள் சிறு சிறு துகள்களாகச் சிதறிக் கிடக்கும்போது மின்தடை எண் பெரிதாக மாறாது. ஏனெனில் துகள்கள் ஒன்றையொன்று தொடாததால் மின்னோட்டத்துக்குத் தொடர்வழி கிடைப்பதில்லை. அங்கேதான் ஐபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் தூண்டு முனைவாக்க முறை வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் 2 நொடி மின்னோட்டம் செலுத்தி, 2 நொடி நிறுத்தி, நிறுத்திய பிறகு மின்னழுத்தம் எவ்வாறு தேய்ந்து மறைகிறது என்பதை அளப்பார்கள். விடை மில்லிவோல்ட்/வோல்ட் என்ற அலகில் வரும். பெரும் பாறைப் பரப்பில் சல்பைடு துகள்களாகச் சிதறியிருக்கும் போர்ஃபிரி வகைச் செப்புத் தாதுகளைத் தேடுவதில் இது நெடுங்காலமாக முதன்மை முறையாக இருப்பதற்கு இந்தச் சிதறல் தன்மையே காரணம்.

ஐபி உயர்ந்தால் தாது என்று எண்ணிவிடாதீர்கள். பொருளாதார மதிப்பில்லாத பைரைட்டும் கிராஃபைட்டும் மிகச் சிறப்பான ஐபி தரும். மாக்னடைட்டும் சில களிமண்களும் ஓரளவு தரும். துத்தநாகத் தாதுவான ஸ்ஃபாலரைட்டோ மின்சாரத்தை நன்கு கடத்தாததால் தனியே நின்றால் பெரும்பாலும் மௌனமாகவே இருக்கும். தங்கத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதைச் சொல்லிவிட வேண்டும்: டன்னுக்குச் சில கிராம் என்ற அளவில் உள்ள தங்கத்தை எந்த மின்முறையும் உணராது, அதனோடு சேர்ந்து வரும் சல்பைடையோ, சிலிக்கா ஏறி இறுகிய பாறையையோ, அமைந்திருக்கும் பிளவையோதான் உணரலாம்.

மூன்றாவதான தன்மின்னழுத்த முறையில் மின்னோட்டமே செலுத்துவதில்லை. முனைவாகாத, அதாவது மண்ணைத் தொடும் இடத்தில் தாமே நிலையற்ற மின்னழுத்தம் உண்டாக்காத, இரண்டு மின்முனைகளும் உள்மின்தடை மிகுந்த ஒரு வோல்ட் அளவியும் போதும். சல்பைடு அல்லது கிராஃபைட் உடலுக்கு மேலே நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் எதிர்மறை அழுத்தம் தென்படலாம். அணைக்கட்டுக் கசிவில் நீர் பாயும் தடத்தையும் இதனால் தொடரலாம். மலிவான முறை என்பதாலேயே பலர் இதைத் தவிர்க்கிறார்கள். முதல்கட்டத் தேடலில் இரண்டு நாள் இதற்குச் செலவிடுவது எனக்கு எப்போதும் நியாயமாகவே படுகிறது.

தரைப்பரப்பு வெறும் பாறையாகவோ, காய்ந்த மணல்மேடாகவோ, பனிக்கட்டியாகவோ இருந்தால் மின்முனை முறைகளையே மறுபரிசீலனை செய்யுங்கள். நிலத்தைத் தொடாமல் வேலை செய்யும் மின்காந்த முறைகள் அங்கே நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும்; மிகச் செறிந்த சல்பைடு உடல்களுக்கும் அவை நன்கு பொருந்தும்.

3. மின்முனை வரிசையையும் கோட்டின் நீளத்தையும் கணக்கிடுங்கள்

ஆழம் வேண்டுமானால் நீளம் வேண்டும். இந்த ஒரு செய்தியைப் புரியவைப்பதில்தான் பாதித் தகராறுகள் பிறக்கின்றன. 200 மீட்டர் அகலமுள்ள நிலத்தில் 100 மீட்டர் ஆழம் வரை படம் கேட்பார்கள், இயலாது.

எடுத்துக்காட்டாக, 48 மின்முனைகளை 5 மீட்டர் இடைவெளியில் நட்டால் கோட்டின் நீளம் 235 மீட்டர். நான்கு மின்முனைகளும் சம இடைவெளியில் அமையும் வென்னர் வரிசையில் அந்த நீளத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய இடைவெளி 75 மீட்டர். ஆய்வின் இடைநிலை ஆழம் (அளவீட்டுக்குப் பாதிப் பங்கு இதற்கு மேலிருந்தும் பாதி கீழிருந்தும் வரும் ஆழம்) அந்த இடைவெளியில் ஏறத்தாழ 0.52 பங்கு என்பதால், கிடைப்பது சுமார் 39 மீட்டர். அதுவும் கோட்டின் நட்ட நடுவில் மட்டுமே. இருபுறமும் போகப் போக ஆழம் குறைந்து, ஓர மின்முனைகளின் அடியில் சில மீட்டர்தான் தெரியும். உங்கள் இலக்கு நில எல்லையருகே இருந்தால், பக்கத்து நிலத்துக்குள்ளும் கோட்டை நீட்ட அனுமதி வாங்கியே ஆக வேண்டும்.

வரிசைகளின் குணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வென்னர் வரிசைக்குச் சமிக்ஞை வலுவானது. கிடையாகப் படிந்த அடுக்குகளுக்கு நல்லது. ஒரே புள்ளியில் ஆழத்தை மட்டும் அறிய வேண்டிய செங்குத்து மின் ஆய்வுக்கு ஷ்லம்பர்ஜர் வரிசை வசதியானது; மின்னழுத்த மின்முனைகளை அடிக்கடி நகர்த்தத் தேவையில்லை. செங்குத்தான தாது உடல்களுக்கும் பிளவுகளுக்கும், மின்னோட்ட முனைகள் ஒரு சோடியாகவும் மின்னழுத்த முனைகள் தள்ளி இன்னொரு சோடியாகவும் நிற்கும் இருமுனை–இருமுனை வரிசை கூர்மையான படம் தரும், ஆனால் அதன் சமிக்ஞை விரைவாக நலிந்துவிடும். முனை–இருமுனை வரிசை இன்னும் ஆழம் போகும். அதற்காக ஒரு மின்முனையை வெகுதொலைவில், கோட்டின் நீளத்தைப் போலப் பல மடங்கு தள்ளி நட வேண்டியிருப்பதால் கூடுதல் கம்பியும் கூடுதல் நில அனுமதியும் தேவைப்படும். இதைத் திட்டத்தில் எழுத மறந்துவிட்டுக் களத்தில் தவிப்பது வழக்கமான காட்சி.

சமிக்ஞை நலிவதை எண்ணால் பார்த்துவிடுவது நல்லது. இருமுனை–இருமுனை வரிசையில் இருமுனையின் நீளம் 50 மீட்டர், நிலம் 100 ஓம் மீட்டர், மின்னோட்டம் 1 ஆம்பியர் என்று கொள்வோம். இரண்டு சோடிகளும் ஓர் இருமுனை நீளம் தள்ளி நிற்கும் முதல் இடைவெளியில் அளக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 106 மில்லிவோல்ட். ஆறு இருமுனை நீளம் தள்ளி நிற்கும் ஆறாவது இடைவெளியில், அதாவது சுமார் 85 மீட்டர் ஆழத்துக்குரிய அளவீட்டில், அது 1.9 மில்லிவோல்ட்டாகச் சுருங்கிவிடும். அங்கே ஐபி மதிப்பு 10 மில்லிவோல்ட்/வோல்ட் என்றால், நீங்கள் உண்மையில் பிடிக்க முயல்வது 19 மைக்ரோவோல்ட். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தவர் மின்னோட்டத்தை உயர்த்துவதிலும் மின்முனைத் தொடர்பை மேம்படுத்துவதிலும் ஒருபோதும் சோம்பமாட்டார்.

கோடுகளைப் பாறை அமைப்பின் திசைக்குச் செங்குத்தாக இடுங்கள். மின்முனை இடைவெளியைவிடச் சிறிய எதையும் படத்தில் எதிர்பார்க்காதீர்கள், ஆழம் கூடக் கூட அந்தக் கூர்மையும் மங்கும். இறுதியாக, எதிர்பார்க்கும் நில அமைப்பைக் கணினியில் வரைந்து, நீங்கள் தேர்ந்த வரிசை அதை உணருமா என்று முன்னோக்குக் கணிப்பால் சோதியுங்கள். ரெஸ்ஐபை, பைகிம்லி, சிம்பெக் போன்ற திறமூல மென்பொருள்கள் இதற்கு இலவசமாகவே கிடைக்கின்றன. அரை நாள் வேலை இது. கணினியில் செயற்கையாக வரைந்த தாதுவே படத்தில் தெரியவில்லை என்றால், களத்தில் தெரியும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

4. ஆவணங்களைத் திரட்டுங்கள்

களம் இறங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: தேடல் உரிமம் அல்லது பணி ஆணையின் நகல், கோடு கடக்கும் ஒவ்வொரு நிலத்தின் உரிமையாளரிடமிருந்தும் எழுத்து மூலமான நுழைவு அனுமதி, புதைந்த குழாய்களும் மின்வடங்களும் காட்டும் வரைபடம், இடர் மதிப்பீட்டுடன் கூடிய பாதுகாப்புத் திட்டம், கருவியின் அளவுத்திருத்தச் சான்று. வாய்மொழி அனுமதி மின்முனை நடும் வரைதான் செல்லும். வண்ணக் கம்பிகளையும் ஜெனரேட்டரையும் பார்த்ததும் நிலக்காரர் மனம் மாறுவது இயல்பே. என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை நாள், துளை தோண்டுவீர்களா, பயிருக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நிறுவனத்துடனான ஒப்பந்தத்தில் வழங்கல் பட்டியலை நீங்களே எழுதுங்கள். வண்ணப் படமும் அறிக்கையும் மட்டும் வாங்கிக்கொண்டு திருப்தி அடைவதுதான் இந்தத் துறையின் மிகப் பெரிய பொறி. கருவியிலிருந்து இறக்கிய மூலக் கோப்பு, ஒவ்வொரு அளவீட்டின் மின்னோட்டம், மின்னழுத்தம், மீள்பிழை (ஒரே அளவீட்டை மீண்டும் எடுக்கும்போது வரும் வேறுபாடு), ஒவ்வொரு மின்முனையின் ஆயங்களும் உயரமும், எந்த ஆயத்தொகுதி, தொடர்புத் தடைப் (மின்முனைக்கும் மண்ணுக்கும் இடையிலான தடை) பதிவு, களக் குறிப்பேட்டின் நகல், நீக்கிய அளவீடுகளும் நீக்கிய காரணமும், கணிப்புக்கு (அளவீடுகளிலிருந்து நிலத்தின் படத்தைக் கணினியில் பெறும் வேலைக்கு) பயன்படுத்திய அமைப்புகள், ஐபி என்றால் தேய்வு வளைவு முழுவதும் என்று தனித்தனியே குறிப்பிடுங்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து புதிய துளை விவரத்தோடு மறுகணிப்புச் செய்ய முனையும்போது மூலக் கோப்புதான் பயன்படும், படம் பயன்படாது.

தர வரையறைகளைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நிலத்தடி ஆய்வுக்கான நேர்மின்னோட்ட மின்தடை முறைக்கு, தரங்களை வெளியிடும் ஏஎஸ்டிஎம் அமைப்பின் டி6431 என்ற வழிகாட்டியும், நான்கு மின்முனை வென்னர் முறையில் மண்ணின் மின்தடை எண்ணை அளப்பதற்கு ஏஎஸ்டிஎம் ஜி57 என்ற தரமும் உள்ளன. ஒப்பந்தத்தில் அவற்றைக் குறிப்பிட்டாலே உரையாடலின் தொனி மாறிவிடும்.

5. செலவு எங்கே போகிறது

மொத்தச் செலவை மூன்று கூறுகளாகப் பிரித்து விலைப்புள்ளி கேளுங்கள்: குழுவும் கருவியும் வந்து திரும்பும் செலவு, களநாள் செலவு, கணிப்பும் அறிக்கையும். முதலாவது நீங்கள் ஒரு கோடு அளந்தாலும் இருபது கோடு அளந்தாலும் ஒன்றுதான். ஆகவே ஐயத்துக்கிடமான இடத்தில் ஒரு கோடு கூடுதலாக இப்போதே அளந்துவிடுவது, பின்னர் குழுவை மீண்டும் வரவழைப்பதைவிட எப்போதும் மலிவு. திட்டத்தில் ஒரு களநாளையாவது இலக்கு குறிக்காமல் ஒதுக்கி வையுங்கள். முதல் சில கோடுகளைப் பார்த்த பிறகுதான் அதை எங்கே செலவிடுவது என்று தெரியும்.

கிலோமீட்டர் கணக்கில் கட்டணம் பேசினால் குழு அவசரப்படும், நாள் கணக்கில் பேசினால் நிதானப்படும். நாள் கட்டணமும் அதோடு குறைந்தபட்சத் தர நிபந்தனையும் சேர்ந்த ஒப்பந்தத்தையே நான் விரும்புகிறேன். மழையாலும் அனுமதிச் சிக்கலாலும் வீணாகும் காத்திருப்பு நாளுக்கு யார் பணம் தருவது, கருவி பழுதானால் யார் தருவது, தரம் குறைந்த கோட்டை மறுபடி அளப்பது யார் செலவு என்ற மூன்றும் எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள்.

புதர் வெட்டிக் கோட்டைத் துப்புரவாக்கும் செலவைப் பெரும்பாலான திட்டங்கள் குறைத்தே மதிப்பிடுகின்றன. அடர்ந்த காட்டில் அது அளவீட்டின் செலவையே மிஞ்சக்கூடும். மின்முனை இடைவெளியைப் பாதியாக்கினால் அதே நீளத்துக்கு மின்முனைகள் இரட்டிப்பாகும், அளவீடுகள் அதற்கும் மேலாகப் பெருகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

6. காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

மிகக் காய்ந்த பருவத்தில் மின்முனைக்கும் மண்ணுக்கும் இடையே தொடர்பு கெடும்; கனமழைக்குப் பின் கம்பி இணைப்புகளில் கசிவு வரும், இடியும் மின்னலும் வேலையை நிறுத்தும். மண் ஈரமாகவும் வானம் தெளிவாகவும் இருக்கும் பருவமாற்றக் காலமே நல்லது. கசிவையோ உப்புநீர் நகர்வையோ கண்காணிக்க ஒரே கோட்டை மீண்டும் மீண்டும் அளப்பதாக இருந்தால், ஒவ்வொரு முறையும் ஒரே பருவத்தில், அதே மின்முனைப் புள்ளிகளில் அளக்க வேண்டும். இல்லையென்றால் மேல்மண்ணின் ஈர மாற்றத்தையே ஆழத்து மாற்றமாக எண்ணிவிடுவீர்கள்.

48 மின்முனைக் கோடு ஒன்றை விரித்து, அளந்து, சுருட்டிக்கொள்ளச் சமதரையில் ஏறத்தாழ அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள். சரிவிலும் புதரிலும் முழு நாள். ஐபி சேர்த்தால் நேரம் பல மடங்காகக் கூடும். கணிப்புக்கும் அறிக்கைக்கும் களநாள்களுக்குச் சமமான காலமாவது வேண்டும். அனுமதிகளுக்கு ஆகும் காலம்தான் பெரும்பாலும் இவை எல்லாவற்றையும்விட நீளமானது, எனவே அதை முதலில் தொடங்குங்கள்.

7. களத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை

காலையில் முதல் வேலையாக, மதிப்புத் தெரிந்த ஒரு மின்தடையைக் கருவியில் பொருத்தி அளந்து பதிவு செய்யுங்கள். அடுத்ததாக எல்லா மின்முனைகளின் தொடர்புத் தடையையும் பாருங்கள். 2 கிலோ ஓமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. அதிகமாக இருந்தால் கோலை ஆழமாக அடிக்கலாம், உப்பு கரைத்த நீரை ஊற்றலாம், அருகே இன்னொரு கோலை அடித்து இரண்டையும் இணைக்கலாம். ஐபி ஆய்வில் மின்னோட்டம் செலுத்தும் இடத்தில் குழி தோண்டி, அலுமினியத் தாளை விரித்து, உப்புநீர் விட்டு மூடுவது வழக்கம்.

ஐபியிலும் தன்மின்னழுத்த முறையிலும் மின்னழுத்தத்தை அளக்க இரும்புக்கோலை நம்ப வேண்டாம். செப்பு சல்பேட் கரைசல் நிரப்பிய நுண்துளைக் கலத்தில் செப்புக் கம்பி வைத்த மின்முனைகளே ஏற்றவை. வேலை தொடங்கும் முன் அவற்றை ஒரே ஈரமண்ணில் அடுத்தடுத்து வைத்து, தமக்குள் சில மில்லிவோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இல்லையென்று உறுதி செய்யுங்கள். மின்தடை ஆய்வில் இரும்புக்கோல் போதும், ஆனால் சற்றுமுன் மின்னோட்டம் செலுத்திய கோலில் உடனே மின்னழுத்தத்தை அளக்காதபடி அளவீட்டு வரிசையை அமைக்க வேண்டும். அந்தக் கோல் முனைவாகியிருக்கும், அதாவது அதில் மின்னூட்டம் சிறிது நேரம் தங்கியிருக்கும்.

தரத்தை அறிய மீள்பிழை மட்டும் போதாது. ஒரே தவறான இணைப்பை நூறு முறை அளந்தாலும் ஒரே எண்தான் வரும். மின்னோட்ட முனைகளையும் மின்னழுத்த முனைகளையும் இடம் மாற்றி அளந்தால் கொள்கைப்படி அதே விடை வர வேண்டும். அளவீடுகளில் ஒரு பங்கையாவது இப்படித் தலைகீழாக அளந்து ஒப்பிடுங்கள். வேறுபாடு 5 விழுக்காட்டைத் தாண்டும் இடங்களில் கம்பியையோ மின்முனையையோ சோதியுங்கள்.

உலோக வேலி, தண்டவாளம், புதைகுழாய், உயர் அழுத்த மின்பாதை ஆகியவற்றின் அருகே, குறிப்பாக அவற்றுக்கு இணையாக, கோடு இடாதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் செங்குத்தாகக் கடந்து, கடந்த இடத்தைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால், குழாய் ஒன்று கனிம மண்டலமாக அறிக்கையில் உயர்ந்துவிடும். ஓடை, சாலை, மண் நிறம் மாறும் இடம், பாறை தலைகாட்டும் இடம் அனைத்தும் மின்முனை எண்ணோடு சேர்த்து எழுதப்பட வேண்டும்.

கோட்டைச் சுருட்டும் முன் அன்றைய அளவீட்டைக் கணினியில் வரைந்து பாருங்கள். இரண்டு வடங்கள் முன்பின் மாறி இணைந்திருந்தாலோ, ஒரு மின்முனை தளர்ந்திருந்தாலோ அப்போதே தெரியும். சுருட்டிய பிறகு தெரிந்தால் அரை நாள் போயிற்று.

8. பாதுகாப்பு

மின்தடைக் கருவிகள் நூற்றுக்கணக்கான வோல்ட் செலுத்துகின்றன. ஐபி அலைபரப்பிகள் ஆயிரம் வோல்ட்டைத் தாண்டிப் பல ஆம்பியர் வரை செலுத்தக்கூடியவை. இது உயிரைக் குடிக்கும் அளவு. மின்னோட்ட மின்முனை ஒவ்வொன்றின் அருகிலும் வானொலித் தொடர்புடன் ஓர் ஆள் நிற்க வேண்டும், "தொட வேண்டாம்" என்ற பலகை உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும், இயக்குபவர் ஒவ்வொரு முறையும் எல்லோரிடமிருந்தும் பதில் வந்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். குழந்தைகளும் கால்நடைகளும் நடமாடும் இடத்தில் இதில் எந்தச் சலுகையும் கூடாது. தொலைவில் இடி கேட்டதும் கருவியிலிருந்து வடங்களைக் கழற்றிவிட்டு விலகுங்கள். பல நூறு மீட்டர் நீளக் கம்பி மின்னலை உங்கள் கைக்கே கொண்டுவரும்.

9. படத்தைப் படிப்பதற்கு முன்

முதலில் கையில் வருவது போலிவெட்டு: தோற்ற மின்தடை எண்களை இடைவெளிக்கேற்ப ஆழத்தில் அடுக்கி வரைந்த படம். அதில் காணும் வடிவம் நிலத்தின் வடிவம் அன்று. இருமுனை–இருமுனை வரிசையில் தரையருகே இருக்கும் ஒரு சிறிய கடத்தி, கால்சட்டையின் இரு கால்கள் போலச் சரிந்து விரிந்த இரட்டை முரணாக (சுற்றுப்புறத்திலிருந்து மாறுபட்ட பகுதியாக) தோன்றும். கால்கள் இரண்டும் அடியில் விரிந்து நிற்பதைக் கண்டு அங்கே துளையிடச் சொன்னவர்கள் உண்டு. போலிவெட்டிலிருந்து துளையிடும் புள்ளியைத் தேர்ந்தெடுக்கவே கூடாது.

அளவீடுகளுக்குப் பொருந்தும் நில அமைப்பைக் கணினி தேடிக் காணும் பின்னோக்குக் கணிப்புக்குப் பிறகு வரும் படமும் ஒரு விடைதான்; ஒரே விடை அன்று. இரண்டு உயர் மின்தடைப் பாறைகளுக்கு நடுவே உள்ள 10 ஓம் மீட்டர், 5 மீட்டர் தடிமன் களிமண்ணும், 20 ஓம் மீட்டர், 10 மீட்டர் தடிமன் அடுக்கும் தரையில் ஏறத்தாழ ஒரே அளவீட்டைத் தரும். தடிமனை மின்தடை எண்ணால் வகுத்த பெறுமதி இரண்டிலும் சமம். துளை விவரமோ வேறொரு முறையின் அளவீடோ இல்லாமல் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க இயலாது.

மென்பொருள் பெரும்பாலும் மென்மையான மாற்றத்தையே விரும்பும். கத்தியால் வெட்டினாற்போன்ற பாறை எல்லை படத்தில் பல மீட்டர் அகலமான வண்ணச் சரிவாகத் தெரியும். எந்த வண்ணத்தில் பாறை தொடங்குகிறது என்று ஊகிக்காமல், அருகே உள்ள ஒரு துளையோடு பொருத்தி முடிவு செய்யுங்கள். அளவீட்டுக்கும் கணிப்புக்கும் இடையிலான பிழை எண் சிறிதாக இருப்பதற்காக மகிழவும் வேண்டாம். அளவீட்டிலேயே 5 விழுக்காடு இரைச்சல் இருக்கும்போது 1 விழுக்காட்டுப் பிழைக்குப் பொருத்தினால், இரைச்சலும் பாறையாக வரையப்பட்டிருக்கும். கணிப்பை வெவ்வேறு தொடக்க மாதிரிகளிலிருந்து இருமுறையாவது ஓட்டச் சொல்லுங்கள். எந்தத் தொடக்கத்திலிருந்து வந்தாலும் மாறாத பகுதி அளவீட்டிலிருந்து வந்தது, மாறும் பகுதி மென்பொருளின் கற்பனை. பெரும்பாலும் படத்தின் அடிப்பகுதியும் இரு ஓரங்களும் இரண்டாவது வகையைச் சேரும்.

எல்லாக் கோடுகளுக்கும் ஒரே மடக்கை வண்ண அளவுகோல் கேளுங்கள். கோட்டுக்குக் கோடு அளவுகோல் மாறும் அறிக்கையில் சிவப்பும் நீலமும் எதையும் குறிக்காது. கோட்டுக்கு வெளியே பக்கவாட்டில் இருக்கும் உடலும் கோட்டுக்கு அடியில் இருப்பதுபோல் தோன்றும் என்பதால், முக்கியமான முரண் ஒன்று கிடைத்தால் அதன் இருபுறமும் இணைகோடுகளோ குறுக்கே ஒரு கோடோ அளந்த பிறகே அதன் இடத்தை நம்புங்கள். ஒதுக்கி வைத்த களநாள் இதற்குத்தான் பயன்படும்.

10. துளையிடும் இடத்தைக் குறிப்பது

தாதுத் தேடலில் மின்தடை குறைவும் ஐபி உயர்வும் சேர்ந்த இடம், ஐபி மட்டும் உயர்ந்த இடம், மின்தடை மட்டும் குறைந்த இடம் என்று முரண்களைப் பிரித்து வரிசைப்படுத்துங்கள். முதலாவது சல்பைடாகவும் இருக்கலாம், கிராஃபைட்டாகவும் இருக்கலாம். மேற்பரப்புப் பாறையும் மண்ணின் வேதிப் பகுப்பாய்வும் இங்கே கைகொடுக்கும். இரண்டாவது சிதறிய சல்பைடுக்கு ஏற்றது. மூன்றாவது பெரும்பாலும் களிமண், உப்புநீர் அல்லது நீர் நிறைந்த பிளவு, ஆகவே தாதுவுக்காக அங்கே துளையிட வேறு வலுவான காரணம் வேண்டும்.

துளையின் புள்ளியோடு கோணத்தையும் திசையையும் இலக்கு ஆழத்தின் ஐயவரம்பையும் எழுதிக் கொடுங்கள். "62 மீட்டரில் தாது" என்று எழுதாமல் "50 முதல் 80 மீட்டருக்குள் முரணின் மையம்" என்று எழுதினால், துளை 65 மீட்டரில் நிறுத்தப்பட்டு இலக்கைத் தவறவிடும் நிலை வராது.

துளையில் எதுவுமே கிடைக்காவிட்டாலும் வேலை முடிந்துவிடவில்லை. எடுத்த பாறைத் துண்டின் மின்தடை எண்ணையும் ஐபியையும் ஆய்வகத்தில் அளக்கச் செய்யுங்கள், துளைக்குள்ளும் கருவி இறக்கி அளக்க முடிந்தால் அளந்துவிடுங்கள். முரணுக்குக் காரணமான பொருளைத் துளை கடந்ததா, இல்லை பக்கத்தில் தவறவிட்டதா என்பது அந்த எண்களில் தெரியும். கடந்திருந்தால் அந்தப் பொருளின் உண்மை மதிப்பை வைத்துப் பழைய கோடுகள் அனைத்தையும் மறுகணிப்புச் செய்யலாம். தவறவிட்டிருந்தால் அடுத்த துளையை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று முடிவு செய்யலாம். இந்த அளவீடுகளுக்கான செலவைத் துளையிடும் ஒப்பந்தத்திலேயே முன்கூட்டிச் சேர்த்துவிடுங்கள், ஏனெனில் வெறுந்துளை என்று அறிவிக்கப்பட்ட பிறகு அதற்குப் பணம் ஒதுக்க யாரும் முன்வரமாட்டார்கள்.